கனெக்டிகட் ஆற்றின் இரு கரைகள்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., கணிதம்)

அமெரிக்கா என்றவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவன நியூயார்க்கின் வானளாவிய கட்டடங்களும் கலிபோர்னியாவின் கணிப்பொறி நிறுவனங்களுமே. "படித்து முடித்து அமெரிக்கா போய்விட வேண்டும்" என்று ஒரு முறையேனும் சொல்லாத மாணவர் நம் விடுதியில் இல்லை. எந்த மாநிலத்துக்கு என்று திருப்பிக் கேட்டால் மட்டும் பதில் வருவதில்லை. எங்கே போனாலும் அமெரிக்கா அமெரிக்காதானே என்பது நம் எண்ணம். அந்நாட்டின் வடகிழக்கு மூலையில் ஓர் ஆற்றின் இரு கரைகளிலும் அமைந்திருக்கும் வெர்மாண்ட், நியூ ஹாம்ப்ஷயர் என்னும் இரு சிறு மாநிலங்களைப் பார்த்தால் அவ்வெண்ணம் நிலைக்காது. இவ்விரண்டில் குடியிருக்க ஏற்றது எது என்பது அங்குள்ள மக்களிடையே நெடுங்காலமாக நடந்துவரும் பட்டிமன்றம். அந்தப் பட்டிமன்றத்தின் இரு பக்க வாதங்களையும் நம் நண்பர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் வருமான வரி மத்திய அரசுடையது. ஓசூரிலிருந்து பெங்களூருக்குக் குடிபெயர்ந்தால் வீட்டு வாடகை மாறும், பேச்சு மொழி மாறும். வருமான வரி மாறாது. பொருள்கள் மீதான வரியும் 2017-ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதற்கும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. அமெரிக்காவில் அப்படியன்று. மத்திய அரசு வாங்கும் வருமான வரி ஒருபுறம் இருக்க, ஒவ்வொரு மாநிலமும் தனக்கென்று தனி வருமான வரி போடலாம், போடாமலும் இருக்கலாம். விற்பனை வரியும் அவ்வாறே. பள்ளிக்கூடத்துக்குப் பணம் எங்கிருந்து வர வேண்டும் என்பதையும் மாநிலமே முடிவு செய்கிறது. ஆகவே பாலத்தைக் கடந்து அக்கரையில் வீடு பிடித்தால் ஒரு குடும்பத்தின் வரவுசெலவுக் கணக்கே வேறாகிவிடும்.

ஐம்பது மாநிலங்கள் இருக்க, ஏன் இவ்விரண்டை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கலாம். பரிசோதனைச் சாலையில் ஒன்றின் விளைவை அறிய வேண்டுமானால் மற்றவற்றையெல்லாம் மாறாமல் வைத்து அதை மட்டும் மாற்றிப் பார்க்கிறோம் அல்லவா? மனித சமுதாயத்தில் அத்தகைய பரிசோதனை எளிதில் கிடைப்பதில்லை. இங்கே ஏறத்தாழக் கிடைத்திருக்கிறது. வெர்மாண்டின் பரப்பு சுமார் 24,900 சதுர கிலோமீட்டர். நியூ ஹாம்ப்ஷயரின் பரப்பு சுமார் 24,200. படத்தில் பார்த்தால் ஒன்று வடக்கே அகன்று தெற்கே குறுகும். மற்றொன்று வடக்கே குறுகித் தெற்கே அகலும். இரண்டும் தலைகீழாக அடுக்கிய இரண்டு முக்கோணங்களைப் போல ஒன்றோடொன்று பொருந்தி நிற்கின்றன. இரண்டிலும் மலை, இரண்டிலும் மேப்பிள் மரக்காடு, இரண்டிலும் நீண்ட பனிக்காலம். மக்களும் பெரும்பாலும் ஒரே வழி வந்தவர்கள்.

வேறுபாடுகள் இல்லாமலும் இல்லை. நியூ ஹாம்ப்ஷயருக்குக் கடற்கரை உண்டு. சுமார் 29 கிலோமீட்டர்தான். கடலைத் தொடும் அமெரிக்க மாநிலங்களில் அதுவே மிகச் சிறிய கடற்கரை. வெர்மாண்டுக்குக் கடலே கிடையாது. நியூ ஹாம்ப்ஷயரின் தென்பகுதி பாஸ்டன் நகருக்கு அருகில் இருப்பதால் ஆயிரக்கணக்கானோர் அங்கே வேலைக்குப் போய்த் திரும்புகிறார்கள். 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நியூ ஹாம்ப்ஷயரின் மக்கள் தொகை 13,77,529; வெர்மாண்டினது 6,43,077. நம்மூரில் ஒரு மாவட்டத்துக்குக்கூட இதைவிட அதிகம் இருக்கும். வெர்மாண்டின் தலைநகரான மாண்ட்பீலியரில் வசிப்பவர்கள் சுமார் எண்ணாயிரம் பேரே! அமெரிக்க மாநிலத் தலைநகர்களுள் மிகச் சிறியது அதுதான்.

எல்லை பிறந்த கதை

கனெக்டிகட் ஆறு சுமார் 660 கிலோமீட்டர் நீளமுள்ளது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் அதன் மேற்கே உள்ள நிலத்துக்கு நியூ ஹாம்ப்ஷயரும் நியூயார்க்கும் ஒருசேர உரிமை கொண்டாடின. நியூ ஹாம்ப்ஷயர் ஆளுநராக இருந்த பென்னிங் வென்ட்வொர்த் என்பவர் அந்நிலத்தை ஊர் ஊராகப் பிரித்துப் பட்டா கொடுத்துக்கொண்டே இருந்தார். 1764-ஆம் ஆண்டில் மூன்றாம் ஜார்ஜ் மன்னர், ஆற்றின் மேற்குக் கரையே எல்லை என்று தீர்ப்பளித்தார். அதன்படி பட்டா வாங்கியவர்கள் நியூயார்க்கின் குடிகளாகிவிட வேண்டும். அவர்கள் உடன்படவில்லை. 1777-ல் இருவருக்கும் சேராத தனிக் குடியரசாகத் தம்மை அறிவித்துக்கொண்டார்கள். வளர்ந்தவர்களை அடிமையாக வைத்திருக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்த குடியரசு அது. பதினான்கு ஆண்டுகள் தனித்து நின்றபின் 1791-ல் பதினான்காவது மாநிலமாக அமெரிக்காவில் சேர்ந்தது. அதுவே வெர்மாண்ட்.

மேற்குக் கரைதான் எல்லை என்றால் தண்ணீர் யாருடையது? இந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. தண்ணீர் வற்றும் காலத்தில் மேற்குக் கரையில் எது ஈரத்தின் விளிம்போ அதுவரை ஆறு நியூ ஹாம்ப்ஷயருக்கே சொந்தம் என்று 1933-ல் தீர்ப்பாயிற்று. ஆற்று நீருக்காக மாநிலங்கள் வழக்காடுவது நமக்குப் புதிதன்று. ஆனால் இங்கே வென்றவருக்குக் கிடைத்தது பாலங்களைப் பழுது பார்க்கும் செலவு!

அப்பாலங்களுள் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நியூ ஹாம்ப்ஷயரின் கார்னிஷ் என்னும் ஊரையும் வெர்மாண்டின் விண்ட்சர் என்னும் ஊரையும் இணைப்பது, 1866-ல் கட்டப்பட்ட மரப்பாலம். நீளம் சுமார் 137 மீட்டர். மேலே கூரையும் பக்கங்களில் பலகைச் சுவரும் உண்டு. வெயில் மழை பனியால் மரம் உளுத்துப்போகாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. குதிரையை ஓட்டாமல் நடத்திச் செல்ல வேண்டும், தவறினால் இரண்டு டாலர் அபராதம் என்ற பழைய பலகை இன்றும் அதன் முகப்பில் இருக்கிறது. இன்று கார்கள் அதன் வழியே போகின்றன. சில நொடிப் பயணம். அதற்குள் வரிச் சட்டம் முழுவதும் மாறிவிடுகிறது.

எங்கே பிடிக்கிறார்கள்?

நியூ ஹாம்ப்ஷயரில் விற்பனை வரி கிடையாது. சம்பளத்தின் மீது மாநில வருமான வரியும் கிடையாது. வட்டிக்கும் பங்கு ஆதாயத்துக்கும் இருந்த வரிகூட 2025 ஜனவரி முதல் நாளோடு ஒழிந்தது. வெர்மாண்டிலோ பொருள்களின் மீது 6 விழுக்காடு விற்பனை வரி உண்டு. சமையலுக்கு வாங்கும் உணவுப் பொருளுக்கும் உடுக்கும் துணிக்கும் விலக்கு உண்டு. வருமான வரி படிப்படியாக ஏறி மேல்தட்டில் 8.75 விழுக்காட்டைத் தொடுகிறது.

இதைப் படித்ததும் "அப்படியானால் நியூ ஹாம்ப்ஷயரே சொர்க்கம்" என்று சொல்லத் தோன்றும். அங்குள்ள பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். வெர்மாண்டுக்காரர்கள் பெரிய சாமான் வாங்க வேண்டுமானால் ஆற்றைக் கடந்து நியூ ஹாம்ப்ஷயரின் மேற்கு லெபனான் பகுதிக்குப் போகிறார்கள். பெரிய பெரிய கடைகள் வரிசையாக இக்கரையில் நிற்பதற்குக் காரணமும் அதுவே. சட்டப்படி பார்த்தால், அப்படி வாங்கி வந்த பொருளுக்கு வெர்மாண்டுக்காரர் தம் வருமான வரிப் படிவத்தில் 'உபயோக வரி' என்று கணக்குக் காட்டிச் செலுத்த வேண்டும். எத்தனை பேர் காட்டுவார்கள் என்பதை வாசகரின் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

கடைக்குப் போவது போல வேலைக்குப் போவதில் தப்பிக்க வழியில்லை. இதைக் கணக்காகவே பார்க்கலாம். குடியிருப்பது இரண்டில் ஒன்று, வேலை பார்ப்பது இரண்டில் ஒன்று. ஆக நான்கு வகை. வெர்மாண்டில் குடியிருந்து அங்கேயே வேலை செய்பவர் வெர்மாண்டுக்கு வரி கட்ட வேண்டும். வெர்மாண்டில் குடியிருந்து நியூ ஹாம்ப்ஷயரில் சம்பாதிப்பவரும், குடி அங்கே என்பதால் வெர்மாண்டுக்கே கட்ட வேண்டும். நியூ ஹாம்ப்ஷயரில் குடியிருந்து வெர்மாண்டில் சம்பாதிப்பவர், வருமானம் அங்கே பிறந்தது என்பதால் அவரும் வெர்மாண்டுக்குக் கட்ட வேண்டும். குடியும் வேலையும் ஆகிய இரண்டும் நியூ ஹாம்ப்ஷயரில் இருந்தால் மட்டுமே தப்பலாம். நான்கில் ஒன்று.

சாலை போட, போலீசை வைக்க, பள்ளி நடத்த நியூ ஹாம்ப்ஷயருக்கும் பணம் வேண்டுமே, அது எங்கிருந்து வருகிறது? வியாபார இலாபத்தின் மீது 7.5 விழுக்காடு வாங்குகிறார்கள். ஓட்டலில் சாப்பிட்டாலும் தங்கினாலும் 8.5 விழுக்காடு. மதுக்கடைகளை அரசே நடத்துகிறது; நம்மவர்க்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே நெடுஞ்சாலை ஓரத்தில், பக்கத்து மாநிலத்தார் காரை நிறுத்தி வாங்கிப் போவதற்கென்றே அவை அமைந்திருக்கின்றன. 1964-ல் இக்கால அமெரிக்காவின் முதல் அரசு லாட்டரியைத் தொடங்கியதும் இம்மாநிலமே. புது வரி போடாமல் பள்ளிகளுக்குப் பணம் திரட்டுவதுதான் அதற்குச் சொன்ன காரணம். (தமிழக அரசு பரிசுச் சீட்டைத் தொடங்கியது அதற்கு நான்காண்டுகள் கழித்து, 2003-ல் நாம் அதைத் தடை செய்துவிட்டோம். அவர்கள் இன்னும் நடத்துகிறார்கள்.)

இவையெல்லாம் போதவில்லை. ஆகவே மிகுந்த பாரம் சொத்து வரியின் மேல், அதாவது குடியிருக்கும் வீட்டின் மேல், விழுகிறது. நாட்டிலேயே சொத்து வரி மிகுந்த மாநிலங்களுள் நியூ ஹாம்ப்ஷயரும் ஒன்று. வருமான வரிக்கும் சொத்து வரிக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. வேலை போனால் வருமான வரியும் உடன் போய்விடும். வீட்டு வரி போகாது. அது "உனக்கு இந்த வருடம் என்ன வந்தது?" என்று கேட்பதில்லை, "நீ எங்கே இருக்கிறாய்?" என்று மட்டுமே கேட்கிறது.

பள்ளிக்கூடங்களின் வழக்கு

இந்த வேறுபாடு ஒரு குழந்தையின் வாழ்வில் என்ன செய்யும் என்பதே இவ்விஷயத்தின் உயிர்நிலை என்று நான் கருதுகிறேன். என் வீட்டில் கல்லூரி வாசலை முதன்முதலாக மிதித்தவன் நான். எங்கள் கிராமத்தின் வீடுகளுக்கு எவ்வளவு மதிப்போ அவ்வளவுக்குத்தான் எங்கள் பள்ளிக்கு வாத்தியார் என்று ஒரு சட்டம் இருந்திருந்தால் இக்கட்டுரையை வேறு யாராவது எழுதியிருப்பார்கள். நியூ ஹாம்ப்ஷயரில் ஏறக்குறைய அப்படி ஒரு நிலைதான் இருந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் என் கற்பனையே, முறைதான் முக்கியம். இரண்டு ஊர்கள். இரண்டிலும் சம அளவு குழந்தைகள். பள்ளிச் செலவு ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வீதம். ஏரிக்கரை மாளிகைகள் நிறைந்த முதல் ஊரின் மொத்தச் சொத்து மதிப்பு பத்துக் கோடி டாலர். மூடிப்போன ஆலைகளும் பழைய மரவீடுகளும் கொண்ட இரண்டாம் ஊரின் மதிப்பு இரண்டரைக் கோடி. முதல் ஊரில் 1 விழுக்காடு வரி போட்டால் பத்து லட்சம் கிடைத்துவிடும். இரண்டாம் ஊரில் அதே பத்து லட்சத்துக்கு 4 விழுக்காடு போட வேண்டும். முதல் ஊரில் இரண்டு லட்சம் டாலர் வீட்டுக்காரர் 2,000 டாலர் கட்டுவார். இரண்டாம் ஊரில் அதே விலையுள்ள வீட்டுக்காரர் 8,000 டாலர் கட்டுவார். அவ்வளவு கட்ட முடியாதென்று அவ்வூரார் வரியை 2 விழுக்காடாக வைத்துக்கொண்டால், முதல் ஊராரைப் போல் இரு மடங்கு வரியைக் கட்டிவிட்டுத் தம் பிள்ளைகளுக்குப் பாதிப் பள்ளிக்கூடத்தையே பெறுவார்கள்.

கனெக்டிகட் ஆற்றின் கரையிலேயே கிளேர்மாண்ட் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஆலைகளால் வளர்ந்து, ஆலைகள் போனபின் தளர்ந்த ஊர். அவ்வூரும் அதைப் போன்ற வேறு நான்கு ஊர்களும் சேர்ந்து மாநிலத்தின் மீது வழக்குத் தொடுத்தன. போதுமான கல்வியைத் தருவது மாநிலத்தின் கடமை என்று நியூ ஹாம்ப்ஷயர் உச்ச நீதிமன்றம் 1993-ல் தீர்ப்பளித்தது. ஊருக்கு ஊர் வேறுபடும் இந்த வரி அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 1997-ல் மறுபடியும் தீர்ப்பளித்தது. அதன்பின் மாநிலம் முழுவதற்குமான ஒரு கல்வி வரி வந்தது. வந்தும் பெரும்பகுதிச் சுமை ஊரின் தலையிலேயே இருக்கிறது. 2025 ஜூலையில்கூட, மாணவர் ஒருவருக்கு மாநிலம் தரும் சுமார் 4,100 டாலர் அடிப்படைத் தொகை போதாது என்று அதே நீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது. முதல் வழக்கின்போது முதல் வகுப்பில் இருந்த குழந்தைகளின் பிள்ளைகள் இன்று பள்ளிக்குப் போய்க்கொண்டிருப்பார்கள்.

அக்கரையில் நடந்ததைப் பாருங்கள். அதே 1997-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெர்மாண்ட் உச்ச நீதிமன்றமும் இதே போன்ற தீர்ப்பை வழங்கியது. நான்கே மாதத்தில், ஜூன் மாதத்திலேயே, '60-ஆவது சட்டம்' என்று பெயர் பெற்ற சட்டத்தை அங்கே நிறைவேற்றிவிட்டார்கள். பள்ளிக்கான சொத்து வரியை மாநிலமே திரட்டி, ஒரே அளவு செலவிடும் ஊர்களுக்கு ஒரே வரி விகிதம் என்ற நிலையை உண்டாக்கினார்கள். குறிப்பிட்ட வருமானத்துக்குக் கீழ் உள்ள வீட்டுக்காரர், வீட்டின் மதிப்பைப் பார்க்காமல் வருமானத்தைப் பார்த்துச் செலுத்தலாம் என்றும் வைத்தார்கள். பனிச்சறுக்கு விடுதிகளால் செழித்திருந்த ஊர்களுக்கு இது பிடிக்கவில்லை. தங்கள் பணம் வேறு ஊர்ப் பிள்ளைகளுக்குப் போகிறதென்று கொதித்தார்கள். அவ்வாறான ஊர்களுள் ஒன்றான கில்லிங்டன், 2004 மார்ச்சில் கூடிய ஊர்க்கூட்டத்தில், "நாங்கள் வெர்மாண்டை விட்டு நியூ ஹாம்ப்ஷயரில் சேர்ந்துகொள்கிறோம்" என்று வாக்களித்தே விட்டது! எல்லையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஊர் அது. எப்படிச் சேர்வது? அது நடக்கவில்லை. வரலாற்றின் வேடிக்கை என்னவென்றால், 1778-ல் நியூ ஹாம்ப்ஷயரின் ஆற்றங்கரை ஊர்கள் 16, இதே போல மாநிலத்தை விட்டு வெர்மாண்டோடு சேர்ந்து, பிறகு திரும்ப நேர்ந்தது.

வெர்மாண்டின் வழியிலும் முள் உண்டு. மாநிலமே எல்லோர்க்கும் பங்கிட்டுக் கொடுப்பதால் சிக்கனமாக இருக்க எந்த ஊருக்கும் ஆர்வமில்லை என்பது எதிர்ப்பாளர் வாதம். அதை முற்றிலும் தள்ளிவிட முடியாது. மாணவர் தொகை குறைந்துகொண்டே வர, ஒரு மாணவருக்கு ஆகும் செலவு நாட்டிலேயே மிக உயர்ந்த வரிசையில் நிற்கிறது. 2024-ல் பள்ளிக்கான சொத்து வரி சராசரி 13 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்தது. அவ்வாண்டுத் தேர்தலில் சட்டசபையில் பெரும்பான்மை பெற்றிருந்த கட்சியின் உறுப்பினர் பலர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். 2011-ல் எல்லோருக்கும் மாநிலமே மருத்துவக் காப்பீடு தரும் என்று சட்டம் இயற்றியதும் வெர்மாண்ட்தான். அதற்கு வேண்டிய வரியைக் கணக்கிட்டுப் பார்த்ததும் 2014 டிசம்பரில் கைவிட்டதும் வெர்மாண்ட்தான். நல்லெண்ணத்துக்கும் கஜானாவுக்கும் இடையே அங்கே ஓயாத இழுபறி.

நியூ ஹாம்ப்ஷயரைப் பற்றி இவ்வளவு குறை சொன்னபின் அம்மக்களுக்கு நியாயம் செய்யவும் ஒரு செய்தி உண்டு. கிளேர்மாண்டுக்கு அருகில் குரோய்டன் என்ற சிற்றூர். சுமார் 800 பேர். அந்தப் பகுதிகளில் ஆண்டுக்கொரு முறை மார்ச் மாதத்தில் ஊரே கூடி, கை தூக்கியும் வாக்கிட்டும் வரவுசெலவை முடிவு செய்வார்கள். 2022 மார்ச்சில் ஊர்க்கூட்டத்துக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர். அரசு எதிலும் தலையிடக் கூடாது என்ற கொள்கை உடையவர் ஒருவர் எழுந்து, பள்ளிக்கான 17 லட்சம் டாலரை 8 லட்சமாகக் குறைக்க வேண்டும் என்று முன்மொழிந்தார். 20 பேர் ஆதரவு, 14 பேர் எதிர்ப்பு. நிறைவேறிவிட்டது! செய்தி வீடு வீடாகப் பரவியது. அம்முடிவை மாற்ற வேண்டுமானால் பதிவு பெற்ற வாக்காளருள் பாதிப் பேராவது, அதாவது 283 பேர், மறுகூட்டத்துக்கு வர வேண்டும் என்பது சட்டம். வெட்டை ஆதரித்தவர்கள் "வீட்டிலேயே இருங்கள்" என்று பிரசாரம் செய்தார்கள். மே மாதத்தில் மறுகூட்டம் கூடிற்று. 379 பேர் வாக்களித்தார்கள். பழைய தொகையைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று 377 பேர். வேண்டாம் என்று இருவர். எந்த நீதிமன்றமும் இல்லாமல், தாங்களே கட்ட வேண்டிய வரியைத் தாங்களே வாக்களித்து மீட்டுக்கொண்டார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் இல்லாதவர்களும் அக்கூட்டத்தில் இருந்திருக்கத்தான் வேண்டும். அந்த எண்ணிக்கை அதைச் சொல்கிறது.

மற்றவை

கல்லூரிக் கட்டணத்தில் இரு மாநிலங்களும் ஒன்றுக்கொன்று இளைத்தவை அல்ல. வெர்மாண்ட் பல்கலைக் கழகமானாலும் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக் கழகமானாலும் உள்ளூர் மாணவருக்கே ஆண்டுக் கட்டணம் 15,000 டாலருக்கு மேல். இரண்டும் அரசுப் பல்கலைக் கழகங்கள் என்பதை நினைவில் கொள்க. நம் கல்லூரியின் கட்டண ரசீதை அங்கே காட்டினால் அச்சுப்பிழை என்பார்கள்.

கூலியில் வேறுபாடு பெரிது. 2025-ஆம் ஆண்டில் வெர்மாண்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 14.01 டாலர். நியூ ஹாம்ப்ஷயர் மத்திய அரசு வைத்த 7.25 டாலரையே வைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் குடும்ப வருமானத்தை எடுத்தால் தலைகீழ். நடுவில் நிற்கும் குடும்பத்தின் ஆண்டு வருமானம் நியூ ஹாம்ப்ஷயரில் சுமார் 95,000 டாலர். வெர்மாண்டில் சுமார் 78,000. வறுமை விகிதம் நாட்டிலேயே மிகக் குறைந்த மாநிலங்களுள் நியூ ஹாம்ப்ஷயர் ஒன்று. இதைக் கொண்டு வரியில்லாததால் வளம் வந்தது என்று வாதிடுவோர் உண்டு. பாஸ்டன் அருகில் இருப்பதால் வந்தது என்பது மற்றவர் பதில். தெற்கே பாஸ்டன் ஓரத்து ஊர்களையும் வடக்கே காகித ஆலைகள் மூடப்பட்ட ஊர்களையும் சேர்த்து எடுத்த எண் அது என்பதைப் புள்ளியியல் படித்த நாம் மறக்கலாகாது.

நியூ ஹாம்ப்ஷயரின் முழக்கம் "சுதந்திரமாக வாழ், இல்லையேல் மடி" என்பது. வெர்மாண்டின் முழக்கம் "சுதந்திரமும் ஒற்றுமையும்." நியூ ஹாம்ப்ஷயரில் வளர்ந்தவர்கள் காரில் இடைவார் போடவேண்டிய கட்டாயம் இல்லை, அமெரிக்காவில் அப்படிப்பட்ட மாநிலம் அது ஒன்றே. மோட்டார் சைக்கிளில் தலைக்கவசமும் கட்டாயம் இல்லை. (இதைப் படித்துவிட்டு நம் நண்பர்கள் யாரும் கல்லூரி வாசலில் போலீஸ்காரரிடம் மேற்கோள் காட்ட வேண்டாம்.) இந்த முழக்கத்தைக் கார்களின் எண் பலகையில் அச்சிட்டார்கள். அது தம் சமய நம்பிக்கைக்கு ஒவ்வாதென்று கிளேர்மாண்ட் ஊர்க்காரரான ஜார்ஜ் மேனார்டு என்பவர் அதை மறைத்தார்; சிறைக்கும் போனார். சுதந்திரமாக வாழச் சொல்லும் வாசகத்தை மறைத்ததற்காகச் சிறை! 1977-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அப்பலகைகள் செய்யப்படும் இடமும் சிறைச்சாலையே என்பது இன்னொரு வேடிக்கை.

வெர்மாண்ட் வேறு விதம். சாலையோர விளம்பரப் பலகைகளை 1968-லேயே சட்டம் போட்டு ஒழித்தார்கள். 1970-ல் வந்த மற்றொரு சட்டத்தின்படி, பெரிய கட்டட வேலை எதுவானாலும் நிலம், நீர், அழகு முதலிய பத்து அளவைகளில் தேற வேண்டும். அதனால் மலையும் பண்ணையும் கெடாமல் இருக்கின்றன. வீடு கட்டுவதும் அதனாலேயே கடினமாகி, குடியிருக்க வீடு கிடைப்பது அரிதாயிற்று. இருக்கும் வீடுகளிலும் கணிசமானவை வெளியூர்ச் செல்வர்கள் விடுமுறைக்கு வந்து தங்குபவை. மலைப்பள்ளத்தாக்கில் ஊர்கள் அமைந்திருப்பதால் வெள்ள பயமும் உண்டு. 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல்; 2023 ஜூலையில் மாண்ட்பீலியரின் கடைவீதியே நீரில் மூழ்கியது; சரியாக ஓராண்டு கழித்து மீண்டும் வெள்ளம்.

இரண்டிலும் இளைஞர்கள் குறைவு. இரு மாநிலங்களின் நடுவயதும் 43 அளவில் இருக்கிறது. வெளியிலிருந்து வந்து குடியேறி, வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்க்கு இரண்டாண்டுகளில் 10,000 டாலர் வரை தருவதாக வெர்மாண்ட் 2018-ல் சட்டமே இயற்றியது.

இனி எது ஏற்றது? திருமணமாகாத பொறியாளர், கைநிறையச் சம்பளம், வாடகை வீடு என்றால் நியூ ஹாம்ப்ஷயரின் தென்பகுதி. இதில் எனக்கு ஐயமில்லை. வேலை நிச்சயமில்லாத, பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ள, பழைய ஆலை ஊரில் குடியிருக்கும் குடும்பம் என்றால் வெர்மாண்ட். சொந்த வீடு மட்டும் உள்ள முதியவர் நிலைதான் சிக்கலானது. வெர்மாண்ட் அவர் வருமானத்தைப் பார்த்து வீட்டு வரியைக் குறைக்கும். ஆனால் வருமானம் ஒரு அளவைத் தாண்டினால் ஓய்வூதியத்தில் வருமான வரி கேட்கும். நியூ ஹாம்ப்ஷயர் ஓய்வூதியத்தைத் தொடாது, வீட்டை விடாது. என் தந்தையாரிடம் இவற்றையெல்லாம் சொல்லி எது மேல் என்று கேட்டேன். "வாத்தியார் எங்கே ஒழுங்காக வருகிறாரோ அங்கே" என்றார். அவருடைய வாக்கு வெர்மாண்டுக்கு என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஆற்றின் மேல் கட்டிய இன்னொரு ஏற்பாட்டையும் கூறிவிடுகிறேன். டார்ட்மத் கல்லூரி இருக்கும் ஹானோவர் ஊர் நியூ ஹாம்ப்ஷயரில். எதிர்க்கரையில் நார்விச் ஊர் வெர்மாண்டில். இரண்டுக்கும் தனித்தனி உயர்நிலைப் பள்ளி நடத்துவது வீண் என்று இரண்டு ஊராரும் சேர்ந்து ஒரே பள்ளி வட்டாரம் அமைத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் இரு மாநிலங்களுக்குப் பொதுவாக அமைந்த முதல் பள்ளி வட்டாரம் அது. இரு மாநிலச் சட்டசபைகளும் அமெரிக்கப் பாராளுமன்றமும் ஒப்புதல் தர வேண்டியிருந்தது. 1963 நவம்பரில் ஜனாதிபதி கென்னடி கொல்லப்படுவதற்கு முன் கையெழுத்திட்ட கடைசிச் சட்டங்களுள் அதுவும் ஒன்று. நார்விச் ஊர்ப் பிள்ளைகள் அன்று முதல் காலையில் பாலத்தைக் கடந்து ஹானோவருக்குப் படிக்கப் போகிறார்கள். செலவை இரண்டு ஊர்களும் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒவ்வோர் ஊரும் தன் பங்கைத் தன் மாநிலத்தின் வரிமுறைப்படியே திரட்டுகிறது.